முட்டையிடும் பாலூட்டிகள்

முட்டையிட்டு, அதிலிருந்து வெளிவரும் குட்டிக்குப் பாலூட்டி வளர்க்கும் விலங்குகள் முட்டையிடும் பாலூட்டிகள் எனப்படுகின்றன. இன்று எஞ்சியிருப்பவை ஐந்து இனங்களே. ஆஸ்திரேலியாவில் வாழும் வாத்தலகி என்னும் பிளாட்டிபஸ் ஒன்று. மற்ற நான்கும் ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வாழும் எக்கிட்னாக்கள்.

இந்தியாவில் இவை இல்லை. எக்கிட்னாவை 'முள் எறும்புத்தின்னி' என்று மொழிபெயர்ப்பதால், நம் காடுகளில் உள்ள அழுங்குடன் அதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அழுங்கு உடலில் செதில் போர்த்தியிருந்தாலும் குட்டி ஈனும் விலங்கு. எக்கிட்னாவுக்கு நெருங்கிய உறவும் அன்று.

வாத்தலகி பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 மி.மீ. நீளமிருக்கும். ஓடு கோழி முட்டையைப் போல் கெட்டியாக இராது. ஓணான் முட்டையைப் போல் தோல்தன்மையுடன் இருக்கும். ஆற்றங்கரை வளைக்குள் தாய் அவற்றை வயிற்றோடு வாலால் அணைத்து, சுமார் 10 நாள் அடைகாக்கும். எக்கிட்னா ஒரே முட்டையிட்டுத் தன் வயிற்றுப் பையில் வைத்துக்கொள்ளும். குட்டிக்கு முள் முளைக்கத் தொடங்கியதும் அதை வளையில் இறக்கிவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கு முலைக்காம்பு கிடையாது. தோலின் நுண்துளைகளில் கசியும் பாலைக் குட்டி உறிஞ்சுகிறது. இவ்வாறு வெளியே கசியும் பாலில் கிருமி சேர்வது எளிது. ஆனால் அப்பாலிலேயே பாக்டீரியாவை எதிர்க்கும் தனிப் புரதம் ஒன்று உள்ளது. அதன் வடிவமைப்பை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர்.

1799இல் வாத்தலகியை முதன்முதலில் விவரித்த ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை வேறொரு விலங்கின் உடலில் பொருத்திய ஏமாற்று வேலையோ என்று ஐயுற்றார். பின்னர் ஜெர்மானியரான மெக்கல் அதன் பால் சுரப்பிகளைக் கண்டறிந்தார். முட்டையிடும் விலங்குக்குப் பால் சுரக்காது என்று கருதிய பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் அதை ஏற்கவில்லை. 1884இல் கால்டுவெல் என்னும் ஸ்காட்லாந்து ஆய்வாளர், பழங்குடி மக்களின் துணையோடு குயின்ஸ்லாந்தில் முட்டைகளைக் கண்டு தந்தி அனுப்பிய பிறகே வழக்கு முடிந்தது. (நம் திருநெல்வேலி கால்டுவெல் வேறு.) வாத்தலகி முட்டையிடும் என்று பழங்குடியினர் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே சொல்லியிருந்தனர்.

பாலா, முட்டையா என்ற அந்தக் கேள்வியே பிழையானது. பாலூட்டிகளின் முன்னோரில் பால் முதலில் தோன்றியது. குட்டி ஈனுதல் பின்னர் வந்தது. மஞ்சள்கருப் புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் கோழியில் மூன்று. வாத்தலகியில் செயல்படுவது ஒன்றே. பால் உணவாகக் கிடைத்ததால் மஞ்சள்கருவின் தேவை குறைந்துபோயிற்று. மனிதரிடம் அம்மரபணுக்கள் இயங்குவதில்லை. ஆனால் அவற்றின் சிதைந்த எச்சங்கள் நம் மரபுத்தொகுதியில் இன்றும் உள்ளன.