சட்டை சுருங்கலை... நீங்க வளர்ந்துட்டீங்க!

போன தீபாவளிக்கு எடுத்த சட்டை. "நல்ல சட்டை, அழுக்காக்கிடாதே" என்று அம்மா மடித்து பீரோவில் வைத்துவிட்டார். ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக எடுத்துப் போட்டால், அக்குளில் பிடிக்கிறது. பட்டன் போட்டால் மூச்சு முட்டுகிறது! "துவைச்சதுல சுருங்கிப் போச்சு" என்று பாவம், சட்டை மேல் பழி போடுகிறோம்.

புதுப் பருத்தித் துணி முதல் தடவை நனையும்போது சுருங்கும், உண்மைதான். அதனால்தான் தைக்கும் முன்பே அதை நனைத்துக் காய வைப்பார்கள். ஆனால், மடித்து வைத்த சட்டை எப்படிச் சுருங்கும்? வளர்ந்தது நீங்கள், குழந்தைகளே!

நாலைந்து வயதுக்குப் பிறகு ஒரு குழந்தை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. உயரும். அப்புறம் கிடுகிடுவென வளரும் பருவம் வரும். பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 10 - 12 வயதில். பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து. அப்போது ஒரே ஆண்டில் 8, 9 செ.மீ. கூட உயர்வதுண்டு. முதலில் பாதமும் கால்களும்தான் நீளும். அதனால்தான் சட்டைக்கு முன்பே செருப்பும் பேண்ட்டும் போதாமல் போகின்றன.

இதை நம் தையல்காரர்கள் நன்றாக அறிவார்கள். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாத் தைங்க" என்று அம்மா சொன்னால் போதும். பட்டுப்பாவாடையில் சுற்றிலும் இரண்டு, மூன்று 'டக்' பிடித்துவிடுவார். ஓர் அங்குல டக்குக்குள் இரண்டு அங்குலத் துணி, அதாவது 5 செ.மீ. ஒளிந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு டக் பிரித்தால், பாவாடையும் கூடவே வளரும்!

இதில் ஒரு சங்கடம் உண்டு. வெயிலிலும் சோப்பிலும் மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, பிரித்த இடம் மட்டும் புதுசாகவே இருக்கும். நான் ஏழாம் வகுப்பு எடுத்தபோது, மடிப்புப் பிரித்த நீலப் பாவாடையோடு ஒரு மாணவி வந்தாள். கீழே அடர் நீலத்தில் ஒரு பட்டை. "கரை போட்ட பாவாடை டோய்!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை.

நான் யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்து, சாக்பீஸால் உயரம் குறித்தேன். முந்தைய ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டால், வகுப்பிலேயே அதிகம் வளர்ந்தவள் அவள்தான்! கத்தியவனின் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. அதில் பிரிக்க மடிப்பே இல்லை. அன்று மாலை அவன் தன் அம்மாவிடம், "எனக்கும் மடிப்பு வச்சுத் தைக்கச் சொல்லும்மா" என்று கேட்டானாம்.

அதற்காக எல்லாவற்றையும் தொளதொளவென்று எடுக்காதீர்கள். நீளமான பேண்ட் சைக்கிள் செயினில் மாட்டும். பெரிய ஷூ காலைத் தடுக்கிவிடும். ஸ்வெட்டர் மட்டும் விதிவிலக்கு. நம் ஊரில் மார்கழி, தையில்தான் அதற்கு வேலை. மறுபடி குளிர் வருவதற்குள் நீங்கள் வளர்ந்திருப்பீர்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, கையை மடித்துவிட்டுக் கொள்ளலாம். குளிர் போனதும் துவைத்து, நன்றாகக் காய வைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். வியர்வை படிந்த கம்பளி என்றால் அந்துப்பூச்சியின் புழுக்களுக்குக் கொண்டாட்டம்! அந்துருண்டை போடுவதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். அது விஷம். தம்பி, தங்கை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால் ஆபத்து.

பள்ளி திறக்கும் முன் ஒரு முறை, தீபாவளிக்கு முன் ஒரு முறை, எல்லா உடைகளையும் போட்டுப் பாருங்கள். பிடிப்பதைத் திரும்ப பீரோவில் வைக்காதீர்கள். அது இன்னொரு குழந்தைக்கு இன்றைக்கே சரியாக இருக்கும்.

நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பிள்ளை. புதுச் சட்டை என்றால் தீபாவளிக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அண்ணன்களின் சட்டை. பழசு என்று எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நாலு பட்டனில் இரண்டு இல்லாமல் வருமே, அதுதான் வருத்தம்! ஆகவே கொடுப்பதற்கு முன் துவைத்து, தேய்த்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் பாட்டியிடம் கேளுங்கள்.