கப்பல் விருந்தில் ஆடவர் உடை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் முன்னோர் மொழி. தரையில் வாழ்வோருக்குச் சொல்லப்பட்ட இம்மொழி, கடல்மீது செல்வோருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றது. தரையிலே ஒரு விருந்துக்கு ஏற்ற உடை நம்மிடம் இல்லையாயின், போகாது வீட்டிலேயே இருந்துவிடலாம். அல்லது அயலவரிடம் இரவல் பெறலாம். நடுக்கடலில் இவ்விரண்டும் எளிதல்ல. ஏறும்போது பெட்டியில் எதை அடுக்கினோமோ, அதுவே இறங்கும்வரை நமது அலுமாரி.

உல்லாசக் கப்பற் பிரயாணம் ஒரு காலத்தில் பெருஞ் செல்வர்க்கே உரியதாக இருந்தது. இன்று அவ்வாறன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் குடும்பங்களும் இத்தகைய பிரயாணங்களை மேற்கொள்கின்றன. கொழும்புத் துறைமுகத்துக்கு இக்கப்பல்கள் வந்து போகின்றன. 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் நமது காங்கேசன்துறையையும் வந்தடைந்தது.

ஆகவே, “கப்பலில் இராப்போசனத்துக்கு ஆடவர் எதை உடுத்துச் செல்வது?” என்னும் வினா நம் வீடுகளிலும் எழுவது இயல்பே. பெண்களுக்கு இச்சங்கடம் அதிகமில்லை. நல்லதொரு சேலை எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து நிற்கும். தடுமாறுவோர் ஆடவரே. இது வெறும் துணி பற்றிய வினாவென்று சிலர் நகைக்கலாம். ஆனால், மேசையின் முறை தெரியாத காரணத்தால் ஒருவர் தனித்துண்ண நேருமாயின், அது நகைப்புக்குரியதன்று.

தனியறையில் உண்ட மாணவர்

1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4 ஆம் திகதி, பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட பீ. அன்ட் ஓ. கம்பனியின் ‘கிளைட்’ என்னும் கப்பலில், சட்டம் பயிலச் சென்ற 18 வயது மாணவர் ஒருவர் இருந்தார். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்க அவருக்குத் தெரியாது. பரிமாறப்படும் உணவுகளில் எவை ஊன் கலவாதவை என்று கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. எனவே, பொது மேசைக்குச் செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பண்டங்களையும் பழங்களையும் தம் அறையிலேயே பெரும்பாலும் உண்டு நாட்களைக் கழித்தார். கப்பலில் கறுப்பு உடையை அணிந்துகொண்டு, வெள்ளைக் கம்பளி உடையொன்றைக் கரையிறங்கும் நாளுக்கென்று பேணி வைத்திருந்தார். செப்டெம்பர் மாத இறுதியில் அதை அணிந்து இறங்கியபோதுதான், அத்தகைய உடையில் நிற்பவர் தாம் ஒருவரே என்பதைக் கண்டார்.

அம்மாணவரே பின்னாளில் உலகம் போற்றிய மகாத்மா காந்தியடிகள். இந்நிகழ்ச்சிகளை அவரே தமது சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். அறிவிற் குறைந்தவரல்லர் அவர். முன்கூட்டிச் சொல்லித் தருவார் இல்லாமையே குறை. கப்பலேறும் நம் இளைஞருக்கும் முதியோருக்கும் அக்குறை நேராதிருத்தல் வேண்டும் என்பதே நமது நோக்கம்.

கோட்டின் வரலாறு

கப்பல் விருந்துடை ஆங்கிலேயர் வீட்டு வழக்கத்திலிருந்து பிறந்தது. பகலுடையைக் களைந்து, உடல் சுத்தி செய்து, வேறுடை அணிந்த பின்னரே இராப்போசனத்துக்கு அமர்வது அங்கு மேன்மக்கள் மரபாயிருந்தது. பின்புறம் வால்போல நீண்ட கறுப்புக் கோட்டும், வெள்ளை உள்மேலங்கியும், வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அந்நாளைய இரவுடை. 1860 களில், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசர், தம் நாட்டுப்புற மாளிகையில் நண்பரோடு இலேசாக உண்பதற்கென வாலில்லாத குட்டைக் கோட்டொன்றை இலண்டன் தையற்காரரிடம் தைப்பித்தார். அதன் வழிவந்ததே இன்றைய விருந்துக் கோட்டு. அமெரிக்காவில், 1886 இல் உருவான டக்சிடோ பார்க் என்னும் இடத்தின் பெயரால் அதனை ‘டக்சிடோ’ என்றழைத்தனர். எளிமைக்காகத் தோன்றிய உடை, காலப்போக்கில் கடுமையான சம்பிரதாய உடையாக மாறிவிட்ட விந்தையை என்னென்பது!

பெருங்கப்பல்களில் முதலாம் வகுப்புப் பிரயாணிகள் இவ்வழக்கத்தைக் கடலிலும் கைக்கொண்டனர். ஆயினும், முதல் இரவிலும் கடைசி இரவிலும் விருந்துடை அணிவதில்லை என்பது ஒரு விதி. காரணம் எளியது: முதல் இரவில் றங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டிரா, கடைசி இரவில் அவை மீண்டும் பூட்டப்பட்டிருக்கும். மனிதனின் வசதியறிந்து விதி வளைந்து கொடுத்ததற்கு இது நல்லதோர் உதாரணம்.

செங்கடலின் வெப்பம்

விதி வளைந்த இடம் இன்னொன்றும் உண்டு. 1869 ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வந்த கப்பல்கள் செங்கடலைக் கடந்தன. அங்கு வீசும் அனற்காற்றில், கறுப்புக் கம்பளிக் கோட்டுடன் உணவருந்துவது எத்தகைய தண்டனையென்று கற்பனை செய்து பாருங்கள். குளிரூட்டும் இயந்திரம் தோன்றாத காலம் அது. எனவே வெப்பக் கடல்களில் வெள்ளைக் கோட்டு வழக்கத்துக்கு வந்தது. அதற்கும் அப்பால், கோட்டையும் கழுத்துப்பட்டியையும் அறவே நீக்கி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, இடையிலே ஒரு பட்டுக் கச்சை என்று நிற்கும் உடையும் தோன்றியது. ‘செங்கடல் உடை’ என்றே அதற்குப் பெயர்.

அந்த இடைக்கச்சை நம் கவனத்துக்குரியது. ஆங்கிலேயர் அதனைக் ‘கமர்பண்ட்’ என்பர். கமர் என்பது இடை. பந்த் என்பது கட்டு. இரண்டும் பாரசீகச் சொற்கள். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலப் படையதிகாரிகள் இங்குள்ளோர் அணிந்ததைப் பார்த்து, உள்மேலங்கிக்குப் பதிலாகத் தாமும் கட்டிக்கொண்டனர். ஆகவே, மேல்நாட்டு விருந்துடையென்று நாம் அஞ்சும் உடையின் நடுப்பகுதியிலேயே கீழ்நாடு குடியிருக்கின்றது. உடை ஒருவழிப் பாதையிற் சென்றதன்று. கொண்டும் கொடுத்தும் வளர்ந்தது.

இன்றைய விதிகள்

சூயெஸ் கால்வாய் 1967 முதல் 1975 வரை மூடப்பட்டிருந்தது. ஆகாய விமானமும் பெருகியது. கொழும்பைத் தொட்டுச் சென்ற பழைய பிரயாணக் கப்பல்களின் காலம் அத்துடன் மறைந்தது. ஆனால் விருந்துடை வழக்கம் முற்றாக மறையவில்லை.

2004 ஆம் ஆண்டு முதல் ஓடும் கியூனாட் கம்பனியின் ‘குயின் மேரி 2’ அதனை இன்றும் பேணுகின்றது. சவுதாம்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையிலான அதன் பிரயாணம் பெரும்பாலும் 7 இரவுகள் கொண்டது. அவற்றுள் ஓரிரு இரவுகளே பெருவிருந்து இரவுகள். அவ்விரவுகளில் ஆடவர் விருந்துக் கோட்டும் கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சி முடிச்சுக் கழுத்துப்பட்டியும் அணியலாம். அல்லது கழுத்துப்பட்டியுடன் கூடிய கருநிறக் கோட்டும் காற்சட்டையும் போதும். மற்றைய இரவுகளில் காலர் வைத்த சட்டையும் நீளக் காற்சட்டையும் ஒழுங்கான சப்பாத்தும் அணிந்து செல்வது தகும், அரைக்காற்சட்டை ஆகாது.

எல்லாக் கம்பனிகளும் இவ்வளவு கண்டிப்பானவையல்ல. நோர்வீஜியன் கம்பனி 2000 ஆம் ஆண்டில் விருந்துடைக் கட்டாயத்தைத் தளர்த்தித் தன் கப்பல்களை ஓட்டத் தொடங்கியது. வேறு சில கம்பனிகளும் பின்னர் அவ்வாறே இளகின. ஆகவே, பிரயாணச் சீட்டுடன் வரும் அறிவுறுத்தலை முதலில் வாசிப்பதே முறை. ஓர் இரவுக்காகப் பெரும்பணம் செலவிட்டு விருந்துக் கோட்டுத் தைப்பிப்பது வீண்செலவு. கருநீல அல்லது கறுப்புக் கோட்டுச் சோடியொன்று இருப்பின், அது கப்பலுக்கும் உதவும். பின்னர் மாணவருக்கு நேர்முகப் பரீட்சைக்கும் உதவும். வெள்ளைச் சட்டை, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து, கறுப்பு மேசு ஆகியவற்றை மறவாதிருந்தாற் போதும்.

வேட்டி உடுத்த தந்தை

இனி, நமக்கு நெருக்கமான ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். வாழ்நாள் முழுவதும் வேட்டியும் சால்வையும் அணிந்து பழகிய எழுபது வயதுத் தந்தை ஒருவர். வெளிநாட்டில் உழைக்கும் மகன் ஆசையோடு அவரைக் கப்பற் பிரயாணத்துக்கு அழைத்துச் செல்கின்றான். பெருவிருந்து இரவு வருகின்றது. “அப்பா, இந்தக் கோட்டைப் போடுங்கோ” என்கிறான் மகன். “எனக்கு இது ஒத்துவராது தம்பி, நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கோ” என்கிறார் தந்தை. விருந்துடை அணியாதோர் உண்பதற்கெனத் தாமே எடுத்துண்ணும் சாலையொன்று இத்தகைய கப்பல்களில் உண்டு. அங்கே உணவுக்குக் குறைவில்லை. ஆயினும், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் பெருமண்டபத்தில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் அங்கே தனித்திருந்து உண்பாராயின், அந்தப் பிரயாணத்தின் பயன் யாது?

இவ்விடத்தில் பலர் அறியாத செய்தியொன்றைக் கூற விரும்புகிறோம். சம்பிரதாய முறையில் அணியும் தேசிய உடையைப் பெருவிருந்து இரவுகளில் கியூனாட் போன்ற பிரித்தானியக் கம்பனிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஸ்கொத்லாந்து நாட்டவர் தம் மடிப்புப் பாவாடை உடையிலே அங்கு அமர்கின்றனர். நமது வேட்டிக்கு மட்டும் ஏன் கூச்சம்? தந்தையை மாற்ற முயலுமுன், மகன் விதியை வாசித்திருக்க வேண்டும்.

ஆனால் ‘சம்பிரதாய முறையில்’ என்பதை மறத்தலாகாது. வீட்டு முற்றத்தில் உடுக்கும் நாலு முழமும் உள்சட்டையும் அதற்குள் அடங்கா. கரையிட்ட பட்டு வேட்டி அல்லது தூய வெள்ளை வேட்டி, நீண்ட கையுள்ள தேசியச் சட்டை, மடித்திட்ட சால்வை, நல்ல தோற் பாதரட்சை—கலியாண வீட்டிலே மணமகளின் தந்தை எவ்வாறு நிற்பாரோ அவ்வாறு நிற்றல் வேண்டும். கப்பல் ஆடும், மேற்றட்டில் காற்றும் பலமாக வீசும். ஆகையால் வேட்டியின்மேல் இடைவார் கட்டிக்கொள்வதும், சால்வையை ஊசியாற் பொருத்துவதும் புத்தி. குளிரூட்டிய மண்டபம் முதியோருக்குக் குளிரும். சட்டைக்குள்ளே ஒரு கம்பளி உள்ளாடை உதவும். புறப்படுமுன் கம்பனிக்கு எழுதி, உடையை விவரித்து, இணக்கம் தெரிவிக்கும் பதிலைப் பெற்றுக் கையில் வைத்திருப்பது இன்னும் நன்று. வாயிலில் நின்று வாதிடும் நிலை எவருக்கும் வேண்டாம்.

மரியாதையின் பல வடிவங்கள்

நல்லூர்க் கந்தன் சந்நிதியில் ஆடவர் மேற்சட்டையைக் கழற்றி வணங்குகின்றனர். கப்பல் மண்டபத்திலோ சட்டையின்மேல் கோட்டும் அணிகின்றனர். ஓரிடத்தில் களைதல் மரியாதை. ஓரிடத்தில் அணிதல் மரியாதை. இரண்டின் பொருளும் ஒன்றே: “இவ்விடத்தைப் பொருட்படுத்தி வந்தேன்” என்பதுதான். நல்லூருக்கு வரும் அந்நிய நாட்டவரிடம் அவ்வொழுங்கை எதிர்பார்க்கும் நாம், அவர் சபையின் ஒழுங்கை ஏளனஞ் செய்தல் முறையன்று.

மேலும், அம்மேசையைச் சூழ உண்போர் மட்டும் இல்லை; பரிமாறுவோரும் உளர். பழைய பீ. அன்ட் ஓ. கப்பல்களில் கோவா நாட்டவர் பலர் இப்பணியைச் செய்தனர். இன்றும் ஆசிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்த இளைஞர், குடும்பத்தைப் பிரிந்து வந்து இப்பணி புரிகின்றனர். அவர்கள் துவைத்து மினுக்கிய உடையில் நின்று தட்டை நீட்டும்போது, நீச்சற் குளத்தின் ஈரத்தோடு வந்து அமர்பவர் தம்மையே தாழ்த்திக்கொள்கின்றார். நன்றாக உடுத்தல், பரிமாறும் கைக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.

1931 ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகள் மீண்டும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ‘ராஜபுதானா’ என்னும் அக்கப்பலும் அதே கம்பனியுடையதே. இம்முறை அவர் கறுப்புக் கோட்டைத் தேடவில்லை. இடையில் கதர் ஆடையும் தோளில் ஒரு போர்வையுமே இருந்தன. அதே கோலத்தில் அவ்வாண்டு நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் சென்று வந்தார். அறையில் ஒளிந்து உண்ட மாணவரை அந்நிலைக்கு உயர்த்தியது துணியன்று. தாம் உடுப்பது ஏன் என்று அறிந்து உடுத்த தெளிவே.

கோட்டாயினும் வேட்டியாயினும் அத்தெளிவோடு அணிவோமாக. பெட்டி கட்டும் நாளிலே தந்தையை அருகிருத்தி, “அப்பா, எதை உடுத்து வர விருப்பம்?” என்று மகன் ஒரு வார்த்தை கேட்பானாயின், கப்பலின் பெருமண்டபத்தில் அவருக்குரிய நாற்காலி வெறுமையாக இராது.