ஒரு மரபணு, பல வடிவக் காய்ச்சல்

மத்திய தரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்னும் பரம்பரை நோய் ஆர்மீனியர், துருக்கியர், யூதர், அராபியரிடையே மிகுதி. தொற்று ஏதுமின்றிக் காய்ச்சலும் வயிற்றுவலியும் தோன்றும், ஓரிரு நாள்களில் தணியும், மீண்டும் வரும். இதற்குரிய மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் பைரின் புரதத்தின் 694ஆம் இடத்தில் மெத்தியோனினுக்கு மாற்றாக வாலின் அமைந்து, அம்மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருப்பின், நோய் பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கிக் கடுமையாகும். 148ஆம் இடத்து மாற்றமோ நலமுடையோர் பலரிடமும் உண்டு.

எனினும், மரபணு மட்டுமே நோயின் போக்கை வகுப்பதில்லை. சிறுநீரகத்தில் அமிலாய்டு புரதம் படியும் கேடு ஆர்மீனியாவில் வாழ்வோரிடம் மிகுதி. அமெரிக்காவில் குடியேறிய ஆர்மீனியரிடம் குறைவு. இக்கேட்டைத் தடுப்பது, 1972 முதல் இந்நோய்க்கு வழங்கப்படும் கோல்சிசின். நம் மாநில மலராகிய செங்காந்தளின் நச்சுப்பொருளும் இதுவே. அளவறிந்து மருத்துவர் தரும்போதுதான் அது மருந்தாகிறது.