நீரோட்டத்தின் கரை அடியில் இருக்கிறது

ஆற்றுக்கு இரண்டு கரைகள் உண்டு. அது எங்கே வளையும், எங்கே அகலும் என்று கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நடுக்கடலில் ஓடும் நீருக்கு அப்படி எதுவும் கிடையாது. எட்டுத் திசையும் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர், பழகிய வண்டிமாடு போல ஆண்டுக்கணக்கில் கிட்டத்தட்ட ஒரே தடத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தடத்தைப் போட்டுக் கொடுத்தது யார் என்பதற்கான விடையைத் தெளிவாகக் காட்டியவற்றில் ஒன்று, ஆய்வுக் கப்பலே இல்லை. கார்களையும் லாரிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்லும் ஒரு கப்பல்.

அதன் பெயர் நோரோனா. டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து ஃபேரோ தீவுகள் வழியாக ஐஸ்லாந்துக்கும், அங்கிருந்து திரும்பவும், வாராவாரம் போய்வருகிறது. 2008 வாக்கில் அதன் அடிவயிற்றில் ஒரு தட்டைப் பொருத்தினார்கள். மேல்தளத்தில் பயணிகள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே அந்தத் தட்டு ஓயாமல் கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்பது நீரின் வேகத்தை.

நீரோட்டத்தை அளக்கும் ஆசை புதிதில்லை. பழைய முறை எளிமையானது: திசைகாட்டியையும் வேகத்தையும் வைத்து, கப்பல் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது, பிறகு சூரியனையோ நட்சத்திரங்களையோ பார்த்து, உண்மையில் எங்கே இருக்கிறது என்று அறிவது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நீரோட்டம் இழுத்துப் போன தூரம். கணக்குப் போடாமல் அனுபவத்தாலேயே அறிந்தவர்களும் உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறைத் தலைவர்களில் ஒருவராக இருந்த பெஞ்சமின் பிராங்ளினிடம், இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள் வணிகக் கப்பல்களைவிடப் பல நாட்கள் தாமதமாக வருகின்றன என்ற புகார் வந்தது. அவருடைய உறவினரான திமோத்தி ஃபோல்ஜர், நான்டக்கெட் தீவைச் சேர்ந்த திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். தபால் கப்பல்கள் எதிர்நீரோட்டத்தில் முட்டிக்கொண்டு வருகின்றன, விலகிப் போங்கள் என்று சொன்னால் அந்தத் தலைவர்கள் காதில் வாங்குவதில்லை என்றார் அவர். அவர் சொன்னதை வைத்துத்தான் 1769–70 வாக்கில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் வரைபடமாக அச்சேறியது. அந்த வரைபடத்தையும் ஆங்கிலேயத் தலைவர்கள் பெரிதாக மதிக்கவில்லை என்பது வேறு கதை.

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகள் உலகக் கடல்களில் அலைந்துகொண்டு, தங்கள் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லிக்கொண்டிருக்கின்றன. காற்று அவற்றைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் கீழும் 15 மீட்டர் ஆழத்தில் ஒரு நீண்ட துணிக்குழல் தொங்கும். மிதவை நீரோடு போகும். நாம் மிதவையோடு போகலாம். ஆனால் அது தனக்கு இஷ்டமான இடத்துக்குத்தான் போகும். ஒரே கோட்டின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, மறுபடி மறுபடி அளக்க வேண்டுமானால் கப்பல்தான் வேண்டும். ஆய்வுக் கப்பலை ஒரு நாள் ஓட்டுவதற்கே பல லட்சம் ரூபாய் ஆகும். எப்படியும் போய்வரப்போகிற சரக்குக் கப்பலில் ஓசிச் சவாரி செய்வதே புத்திசாலித்தனம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ராஸ்பி இந்த ஓசிச் சவாரியின் தளராத ஆதரவாளர். வானிலை அறிவியலில் ராஸ்பி அலைகள் என்று படித்திருப்பீர்கள். அந்த கார்ல்-குஸ்தாவ் ராஸ்பியின் மகன் இவர். நியூ ஜெர்சிக்கும் பெர்முடாவுக்கும் இடையே வாரந்தோறும் சரக்கு ஏற்றிச் செல்லும் ஓலியாண்டர் கப்பலில் 1992-இல் இந்த ஒலிக்கருவி ஏறியது. டென்மார்க்கிலிருந்து கிரீன்லாந்துக்குப் பொருட்கள் கொண்டுபோன நூகா ஆர்க்டிகாவில் 1999-இல் ஏறியது. நோரோனா அதற்குப் பிறகு.

கருவியின் பெயர் ஏடிசிபி. அடிப்படை, பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். ரயில்வே கேட்டில் நிற்கும்போது, நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், கடந்து போனபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? நீர் ஊதுவதில்லை. ஆனால் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் தூசுத் துகள்களும் தம்மேல் படும் ஒலியில் ஒரு துளியைத் திருப்பி அனுப்புகின்றன. அவை நீரோடு நீராகப் போவதால், அவற்றின் வேகமே நீரின் வேகம். முதலில் திரும்பி வரும் எதிரொலி மேல்மட்ட நீருடையது, தாமதமாக வருவது ஆழத்து நீருடையது. ஆக, ஒரே ஒலித்துடிப்பில் பல அடுக்குகளின் வேகம் கிடைத்துவிடும். நான்கு சாய்ந்த கதிர்களாக அனுப்பினால் திசையும் தெரியும். 75 கிலோஹெர்ட்ஸ் ஒலி, நல்ல நாளில் 600 மீட்டருக்கு மேல் எட்டும்.

சொல்வதற்கு இவ்வளவு எளிது. செய்வதில் இருக்கும் சிக்கலைக் கொஞ்சம் எண்களில் பார்க்கலாம். நீர் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி வந்தால், 75,000 ஹெர்ட்ஸ் ஒலி வெறும் 10 ஹெர்ட்ஸ் மாறும். அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெரிய தலைவலி கப்பலே. அது வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கருவி அளப்பது கப்பலின் வேகமும் நீரின் வேகமும் கலந்த ஒன்றை. கப்பலின் பங்கைக் கழிக்க வேண்டும். அதன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் ஒரே ஒரு டிகிரி பிழை வந்தாலும், பக்கவாட்டில் வினாடிக்கு 14 சென்டிமீட்டர் வேகத்தில் இல்லாத நீரோட்டம் ஒன்று முளைத்துவிடும். நாம் தேடிப் போனதே பல இடங்களில் அவ்வளவுதான்! கப்பலின் வழக்கமான சுழல்திசைகாட்டி, திருப்பங்களில் அந்த அளவுக்கு எளிதில் பிசகிவிடும். கப்பல்மேல் பல ஜிபிஎஸ் ஆன்டெனாக்களை நட்டு, திசையைப் பத்தில் ஒரு டிகிரிக்குள் அறிய முடிந்த பிறகுதான் இந்த அளவீடு நம்பகமானது. கடலியலில் நடந்த பெரிய முன்னேற்றங்களில் சில, கடலைப் பற்றியவையே அல்ல, திசைகாட்டியைப் பற்றியவை.

கடலும் சும்மா இருப்பதில்லை. புயலில் கப்பலின் முகப்பு அலையில் குத்தி எழும்போது காற்றுக்குமிழிகள் அடிப்பாகத்தின் கீழே வழுக்கிக்கொண்டு போகும். ஒலி அங்கேயே செத்துவிடும். பதிவு அதிகம் தேவைப்படும் குளிர்காலத்தில்தான் பதிவு அதிகமாக அறுந்துபோகும். எதிரொலி தரும் உயிர்களோ மாலையில் மேலே வந்து, விடியும்போது ஆழத்துக்குத் திரும்புகின்றன. நீரோட்டத்தை எழுதப் போட்ட கருவி அந்த அன்றாட ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து எழுதிவைக்கிறது. ஃபேரோ தீவுகளை ஒட்டிய கடலில் ஓதங்களால் முன்னும் பின்னும் ஓடும் நீர், நாம் தேடும் நிலையான ஓட்டத்தைவிட வலுவானது. அதனால் ஒரு பயணத்தின் பதிவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறு பயணங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஓதமும் சுழிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எஞ்சி நிற்பதே நீரோட்டம். வாராவாரம் அதே பாதையில் சலிக்காமல் போகும் கப்பலின் அருமை இங்கேதான். ஓலியாண்டர் சேர்த்த இருபதாண்டுப் பதிவை வைத்து, கல்ஃப் ஸ்ட்ரீம் வலுவிழந்ததற்கான தடயம் அதில் இல்லை என்று 2014-இல் ராஸ்பி குழுவினர் எழுதினார்கள். அப்படி எழுத இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சராசரி எடுத்த அம்புக்குறிகளைக் கடலடி வரைபடத்தின் மேல் வைத்தால் ஆச்சரியம் தொடங்குகிறது. ஐஸ்லாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து கடலுக்கடியில் நீண்டு செல்லும் மலைத்தொடர் ரெய்க்யானெஸ். நூகா ஆர்க்டிகா கடந்த இடத்தில் அதன் முகடு கடல்மட்டத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு எங்கும் ஒரே நீலம்தான். ஆனால் அந்த மலையின் மேற்குச் சரிவை ஒட்டி நீர் வடக்கே போகிறது. கிழக்குச் சரிவை ஒட்டித் தெற்கே போகிறது. ஒரே மலை, இரு பக்கமும் இரண்டு எதிரெதிர் ஓட்டங்கள். நெடுஞ்சாலையின் நடுத்திட்டு போல.

மேலே ஐம்பது, நூறு மீட்டரில் ஓடும் நீருக்கு அத்தனை ஆழத்தில் மலை இருப்பது எப்படித் தெரியும்?

பூமி சுழல்வதால் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் செய்து 1923-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கடலியலில் இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை. நீர் நிரம்பிய தொட்டியை ஒரே சீராகச் சுழலவிட்டார். அடித்தளத்தில் குட்டையான ஓர் உருளையை மிக மெதுவாக நகர்த்தினார். உருளையின் உயரத்துக்கு வெகு மேலே சாயம் விட்டுப் பார்த்தார். சாயம் உருளைக்கு மேலே தாராளமாகக் கடந்து போகலாம். அங்கே தடுப்பு ஒன்றுமில்லை, வெறும் நீர். ஆனால் உருளை மேற்பரப்புவரை உயர்ந்து நிற்பதுபோல, சாயம் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போனது! சுழலும் நீர் மேலிருந்து கீழ்வரை விறைத்த தூண்களாகிவிடுகிறது. தூணின் கால் எங்கே தடைப்படுகிறதோ, தலையும் அங்கே விலகியாக வேண்டும்.

அந்தத் தூண் மலைமேல் ஏறினால் என்ன? குட்டையாகும், குட்டையானால் பருக்க வேண்டும். அலுவலகத்துச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றும்போது கைகளை விரித்தால் வேகம் குறையும், மடக்கினால் கூடும். பூமியின் சுழற்சியைச் சுமந்து நிற்கும் நீர்த்தூணுக்கும் அதே விதிதான். ஆழம் மாறினால் அதன் சுழற்சியும் மாற வேண்டும். அதற்கு வெளியிலிருந்து யாராவது முறுக்கிவிட வேண்டும். முறுக்க ஆளில்லாதபோது நீர் தன் ஆழத்தை மாற்றாமல் சம ஆழக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது. வட அட்லாண்டிக்கின் இந்த வடபகுதியில் ஓட்டங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்த பக்கத்தை வலக்கைப் புறமாக வைத்தே செல்கின்றன. ரெய்க்யானெஸின் இரண்டு சரிவுகளிலும் வைத்துப் பாருங்கள், சரியாக வரும். நார்வே கரையோரமாக வடக்கே செல்லும் நீருக்கும், கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கும் நீருக்கும் சரியாக வரும்.

எல்லாக் கடலிலும் இப்படியா என்றால், இல்லை. நம் வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே எண்ணெய் போல மிதக்கிறது. அதன் கீழே உப்பு மிகுந்த, குளிர்ந்த, கனத்த நீர். அடுக்கு இவ்வளவு அழுத்தமாக இருந்தால் தூண் நடுவிலேயே முறிந்துவிடும். போதாக்குறைக்கு, சுழற்சியின் பிடி நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தளரும். நாகப்பட்டினத்தின் நேர்கோட்டில் அது ஃபேரோ தீவுகளில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எனவே நடு விரிகுடாவின் மேல்நீர் கீழே உள்ள தரையை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. பருவக்காற்றின் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறது. வட அட்லாண்டிக்கிலோ குளிர் மேல்நீரைக் கனக்கச் செய்து கீழ்நீரோடு கலந்துவிடுகிறது. அடுக்குகளுக்கிடையே வேறுபாடு குறைய, தூண் கீழ்வரை இறங்கி நிற்கிறது.

வடகடலின் இந்தப் பழக்கத்தை முதலில் கண்டுகொண்டவர்களிடம் ஏடிசிபியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. பியோர்ன் ஹெலன்-ஹான்சனும் ஃப்ரித்யோஃப் நான்சனும் 1909-இல் நார்வேக் கடலைப் பற்றி எழுதிய நூலில், நீரோட்டங்கள் கடலடி மேடுபள்ளங்களைப் பின்பற்றுவதைக் குறித்துவைத்தார்கள். வெப்பமானியும் நீர் மொள்ளும் குடுவையும்தான் அவர்களுடைய முக்கியக் கருவிகள். நூறாண்டு கழித்து நோரோனா செய்தது, அந்த ஓட்டத்தின் அளவை நேரடியாக அளந்து சொன்னது.

அளவு முக்கியம். ஐஸ்லாந்துக்கும் ஃபேரோ தீவுகளுக்கும் இடையே கடலடியில் ஒரு மேடு அணைபோலக் கிடக்கிறது. அதன் மேல் சில நூறு மீட்டர் நீர்தான். அட்லாண்டிக்கின் வெப்பநீர் அதைக் கடந்து, வடபுறச் சரிவைப் பிடித்துக் கிழக்கே திரும்பி, தீவுகளுக்கு வடக்கே ஓடுகிறது. அந்த ஒரு கிளையில் மட்டும் வினாடிக்குச் சுமார் 38 லட்சம் கன மீட்டர் நீர் போகிறது. உலகின் எல்லா ஆறுகளையும் சேர்த்தாலும் வினாடிக்குச் சுமார் 12 லட்சம் கன மீட்டர்தான். நார்வேயின் ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருந்தும் குளிர்காலத்தில் உறையாமல் இருப்பது, கடலடிச் சரிவுகள் இந்த நீரைக் கைபிடித்து அங்கே கொண்டுபோவதால்தான். அதே அகலக்கோட்டில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை ஆண்டின் பெரும்பகுதி பனிக்கட்டியால் அடைபட்டுக் கிடக்கிறது.

அப்படியானால் நீரோட்டங்களை முன்கூட்டிச் சொல்ல, கடலடியின் மேடுபள்ளங்கள் நமக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். 2024 நிலவரப்படி, உலகக் கடலடியில் 26 விழுக்காடு மட்டுமே கப்பலிலிருந்து ஒலி அனுப்பி அளக்கப்பட்டிருக்கிறது. மீதி இடங்களில் மலை எவ்வளவு உயரம் என்பது, செயற்கைக்கோள்கள் ஈர்ப்பு விசையின் சிறு ஏற்றத்தாழ்வுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு.