லேப்டாப் பளபளத்தால் ஆர்டர் கிடைக்குமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரி கேண்டீனுக்கும் போய் நம்ம சரக்கைப் பத்தித் திரையில போட்டுக் காட்டுறோமே, ஸ்டைலான லேப்டாப்பா இருந்தா மதிப்புக் கூடுமா?"

கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் பின்னால் லட்ச ரூபாய்ச் செலவு நிற்கிறது. எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்து முடிந்திருப்பதால், பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தோற்றத்துக்கு மதிப்பே இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம் முன்னோர் கொள்முதலுக்கு வெளியூர் போனால் சலவை வேட்டியும், சட்டைப் பையில் நல்ல பேனாவுமாகத்தான் போனார்கள். பிறகு சூட்கேஸ் வந்தது. இன்று அந்த இடத்தில் லேப்டாப் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை மேடையில் உருவிக் காட்டினார். மெலிசாக இருப்பதே அந்தஸ்து என்ற எண்ணம் அதன் பிறகு வேகமாகப் பரவியது.

நாங்களே மயங்கிய கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தின்பண்டக் கம்பெனியின் பிரதிநிதி எங்கள் கடைக்கு வந்தார். கையில் வெள்ளி நிறத்தில் மெலிசான லேப்டாப். மாவட்ட வரைபடம், மாதாமாதம் ஏறும் விற்பனைக் கோடு, விளம்பரப் படம் என்று அரை மணி நேரம் காட்டினார். கணக்குப்பிள்ளை முதல் சுமை தூக்குபவர் வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள். இரண்டு லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டி ஏஜென்சி எடுத்தோம்.

சரக்கு வந்தது, ஓடவில்லை. தேதி முடிந்த பாக்கெட்டுகளைத் திருப்பி எடுப்பதாக வாயால் சொன்னார்களே தவிர, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. டெபாசிட்டில் பாதியைத் திரும்பப் பெறவே ஓராண்டு நடக்க வேண்டியிருந்தது. அதே கம்பெனிக்கு ஏற்கெனவே ஏஜெண்டாக இருந்த ஒருவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். நாற்பது வருடம் தராசு பிடித்த நாங்களே போன் போடவில்லை.

ஆகவே, ஸ்டைலான லேப்டாப் ஆளை மயக்குமா என்றால், மயக்கும். ஆனால் அந்தக் கம்பெனி எங்களிடம் இரண்டாவது முறை வியாபாரம் செய்ய முடியவில்லை. நமக்கோ முதல் ஆர்டரில் லாபம் இல்லை. வருடக்கணக்கில் தொடரும் வாடிக்கையில்தான் லாபம்.

விடுதிக் கூட்டத்தில் நடந்தது

பிறகு எங்கள் மகன் கல்லூரி விடுதி ஒன்றுக்குப் பருப்பு சப்ளை கேட்டுப் போக ஏற்பாடு செய்தான். "அப்பா, பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போனா மதிக்க மாட்டாங்க" என்று பிடிவாதம். ரூ.45,000 லேப்டாப்பே போதும் என்றோம். அவன் ரூ.1,25,000 லேப்டாப்பை வாங்கி வந்தான். வித்தியாசம் ரூ.80,000. மூட்டைக்கு ஐம்பது ரூபாய் நின்றால், அதைச் சம்பாதிக்க 1,600 மூட்டை விற்க வேண்டும்.

கூட்டத்தில் வார்டன், ஆபீஸ் கணக்கர், சமையல் மாஸ்டர் என ஐந்து பேர். அங்கிருந்த புரொஜெக்டர் ஒயர் இந்த மெலிசு லேப்டாப்பில் பொருந்தவில்லை. இணைக்க வேண்டிய சிறு அடாப்டர் கடை மேஜையிலேயே இருந்துவிட்டது. ஐந்து பேரும் ஒரு சிறு திரையைச் சுற்றி நின்றார்கள். ஜன்னல் வெளிச்சம் விழுந்து அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

கணக்கர் மெதுவாக, "இது என்ன விலைங்க?" என்றார். மகன் பெருமையாகச் சொல்லிவிட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ கிலோவுக்கு இன்னும் ரெண்டு ரூபா குறைக்கலாமே" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. நம் தொழிலில் வாங்குபவர் எப்போதும் நம் லாபத்தைத்தான் எடை போடுகிறார். நம் கையிலுள்ள ஆடம்பரத்தைத் தன் பில்லில் ஏறிய காசாகத்தான் அவர் பார்க்கிறார்.

அப்போது சமையல் மாஸ்டர், "அண்ணாச்சி, படத்தை அப்புறம் பாப்போம். பருப்பை எடுங்க" என்றார். சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்தோம். உள்ளங்கையில் தேய்த்தார், பல்லில் கடித்தார். ஒரு படி பருப்பை அங்கேயே குக்கரில் ஏற்றினார்.

அது வேகும் நேரத்தில் வார்டன் கேட்டார்: "மழைக்காலத்துல லாரி வரலைன்னா பிள்ளைங்களுக்குச் சாம்பார் என்ன செய்யிறது?" மகன் லேப்டாப்பைத் திருப்பி, இன்னொரு விடுதிக்கு இரண்டு வருடம் அனுப்பிய கணக்கைப் பெயரும் ரேட்டும் மறைத்துக் காட்டினான். ஆர்டர் வந்த தேதி, மூட்டை இறங்கிய தேதி. தாமதமான மூன்று தடவையும் அதில் அப்படியே இருந்தது. வார்டன் அதைத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒரு மாதம் சோதனைக்கு இருபது மூட்டை ஆர்டர் கிடைத்தது. அடுத்த மாதமும் தொடர்ந்தது.

அந்தக் கணக்கு ரூ.45,000 லேப்டாப்பிலும் இப்படியேதான் தெரிந்திருக்கும்.

வாங்குமுன் கவனிக்க

1. உடைந்த மூடி, எழுத்து அழிந்த கீ, திறக்கப் பத்து நிமிடம் எடுக்கும் லேப்டாப் வேண்டாம். அது நம் கடையைப் பற்றித் தவறாகப் பேசும். சுத்தமாக, வேகமாக இருந்தால் போதும்.

2. புரொஜெக்டரில் நேராக மாட்டும் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடாப்டரை லேப்டாப் பையிலேயே வையுங்கள்.

3. வெளிச்சம் எதிரொளிக்காத மங்கல் திரையும், அரை நாள் தாங்கும் பேட்டரியும் கேளுங்கள்.

4. காட்டுமுன் வாட்ஸ்அப்பை மூடுங்கள். ஒரு வாடிக்கையாளருக்குப் போட்ட ரேட் இன்னொருவர் கண்முன் திரையில் எழுந்தால் இருவரையும் இழப்போம்.

5. லேப்டாப்புக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. வரிச் சரக்கு விற்பவர் கடைப் பெயரில் பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்குச் சரக்கு மட்டுமே விற்பவருக்கு அந்த வரியும் சேர்த்து முழுச் செலவு.

6. திரையில் எத்தனை படம் காட்டினாலும் சாம்பிள் பொட்டலம் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு எங்கள் பதில் இதுதான்: நல்ல லேப்டாப் வாங்குங்கள், நாலு பேர் திரும்பிப் பார்க்கும் லேப்டாப் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல சரக்காக நாலு மூட்டை கூடுதலாக எடுத்து வையுங்கள். லாரி வராத அன்று வாடிக்கையாளர் போன் செய்தால், "இருக்கு, அனுப்புறோம்" என்று சொல்ல அது உதவும்.