யூனிக்ஸ் கணினியில் மேக் முகவரியைக் கண்டறிதல்

நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றிலும் தயாரிக்கும்போதே ஓர் எண் பதியப்படுகிறது. இதை வன்பொருள் முகவரி என்றும் மேக் முகவரி என்றும் சொல்வார்கள். ஐபி முகவரி இடத்துக்கு இடம் மாறும். இந்த எண் கார்டோடு வருவது. இதன் நீளம் 48 பிட். 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்த 12 இலக்கங்களாக எழுதுவார்கள். பொதுவாக முதல் 6 இலக்கங்கள் ஐஇஇஇ அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கியவை. எஞ்சியதைத் தயாரிப்பாளர் கார்டுக்குக் கார்டு மாற்றித் தருகிறார். 08:00:20 என்ற தொடக்கம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது.

பதிவான கருவிகளை மட்டும் அனுமதிக்கும் அலுவலக வைஃபையிலும், ஒரு கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி டிஹெச்சிபி சர்வரை அமைக்கும்போதும் இந்த எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஐபி லிங்க்' என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். இணைப்புகள் வரிசையாக வரும். 'லிங்க்/ஈதர்' என்ற சொல்லை அடுத்து நிற்பதே மேக் முகவரி. எல்லாம் சுழியமாக இருக்கும் 'லோ' என்ற இணைப்பு கணினி தன்னோடு தானே பேசுவதற்கானது, அதைத் தள்ளிவிடலாம். 1983-இல் 4.2பிஎஸ்டி-யோடு வந்த 'ஐஎஃப்கான்ஃபிக்' கட்டளை மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் இன்றும் உண்டு. அங்கே 'ஈதர்' என்ற சொல்லுக்கு அருகே பார்க்க வேண்டும்.

சன் நிறுவனம் உருவாக்கிய சோலாரிஸில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதன் பழைய பதிப்புகளில் சாதாரணப் பயனர் ஐஎஃப்கான்ஃபிக் கொடுத்தால் ஐபி தெரியும், மேக் முகவரி தெரியாது; ரூட் பயனருக்கு மட்டுமே காட்டும். ரூட் கடவுச்சொல் இல்லாதவர்கள் 'ஆர்ப்' கட்டளையோடு தங்கள் கணினியின் பெயரையே கொடுத்தால் விடை கிடைக்கும். முன்னால் வரும் சுழியத்தைச் சோலாரிஸ் விட்டுவிடும் என்பதால் 08:00:20 என்பது 8:0:20 என்று தெரியும். படிவத்தில் எழுதும்போது அந்தச் சுழியங்களைச் சேர்த்தே எழுத வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. பழைய சன் கணினிகளில் முகவரி கார்டில் இல்லாமல், மின்கலம் உள்ளடங்கிய ஒரு நினைவகச் சில்லில் இருந்தது. கார்டு எத்தனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே முகவரிதான். மின்கலம் தீர்ந்தால் முகவரியும் போய்விடும்.

ஹெச்பி-யூஎக்ஸில் 'லேன்ஸ்கேன்' கட்டளையும், ஏஐஎக்ஸில் 'என்ட்ஸ்டாட்' கட்டளையோடு கார்டின் பெயரும் கொடுத்தால் போதும்.

எண் திரையில் வந்துவிட்டாலும், அது கார்டில் பதிந்த எண்தானா என்று பார்ப்பது நல்லது. மென்பொருளால் முகவரியை மாற்ற முடியும். தனியுரிமையைக் காக்க, வைஃபையில் தற்காலிக முகவரியோடு இணையும் கணினிகளும் உண்டு. இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அது மென்பொருள் இட்ட முகவரி. லினக்ஸில் 'ஈத்டூல்' கட்டளைக்குப் பெரிய எழுத்து 'பி' என்ற விருப்பத்தைச் சேர்த்து, இணைப்பின் பெயரையும் கொடுத்தால் நிரந்தர முகவரி வரும். படிவத்தில் எதை எழுதுவது என்பது தேவையைப் பொறுத்தது: வைஃபை சரிபார்ப்பது கணினி இப்போது பயன்படுத்தும் முகவரியை, கார்டை அடையாளம் காட்டுவதோ நிரந்தர முகவரி.

பக்கத்துக் கணினியின் முகவரி வேண்டுமென்றால், முதலில் அதற்கு 'பிங்' அனுப்பிவிட்டு 'ஆர்ப்' பட்டியலைப் பார்க்கலாம். ஒரே உள்வலையில் இருக்கும் கணினிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ரவுட்டருக்கு அப்பாலுள்ள கணினியின் மேக் முகவரி இந்தப் பட்டியலில் வராது. அந்தக் கணினிக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும்.