உஷார்! ஜாடியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடை. ஒரு சாண் உயரத்தில், பூப்பூவாக வெட்டு வேலை செய்த நீலக் கண்ணாடி ஜாடி. "செட்டியார் வீட்டுச் சாமான் சார், பெல்ஜியம். 1900லயே கப்பல்ல வந்தது" என்றார் கடைக்காரர். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன் என்ற மிதப்பில் வீடு வந்தேன். கழுவிக் கவிழ்த்தபோதுதான், வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரிகிற மங்கலான முத்திரை கண்ணில் பட்டது: 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா'.

1918 அக்டோபருக்கு முன்னால் அப்படி ஒரு நாடே கிடையாது. 1992 முடிந்ததும் அது மறுபடி இல்லாமல் போனது. நடுவில் எந்த வருஷம் வேண்டுமானாலும் என் ஜாடி பிறந்திருக்கலாம். 1900 மட்டும் நடக்காத காரியம். செட்டிநாட்டு வீடுகளுக்கு ஐரோப்பாவிலிருந்து கண்ணாடிச் சாமான்கள் வந்தது நிஜம்தான். அந்த நிஜத்தைக் காட்டித்தான் நேற்று வந்த சரக்கும் 'பெல்ஜியம்' ஆகிவிடுகிறது.

என் விஷயத்தில் முத்திரை உண்மையைச் சொன்னது. பெரிய பெயர்கள் என்றால் முத்திரையே பொய் சொல்லும். பிரான்சின் நான்சி நகரத்து எமில் காலே, நிறம் மேல் நிறமாகக் கண்ணாடியைப் படியவைத்து, அமிலத்தால் அரித்துப் பூவும் தும்பியும் எடுத்தவர். ருமேனியாவில் அதே பாணியில் ஜாடி செய்து, காலே என்ற பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (Tip) என்று மூன்று எழுத்தும் போட்டு விற்றார்கள். ருமேனிய மொழியில் அதற்கு 'அந்த மாதிரி' என்று அர்த்தம். செய்தவர்கள் யோக்கியமாகத்தான் சொன்னார்கள். கைமாறும் வழியில் யாரோ ஒருவர் அந்த மூன்று எழுத்தையும் தேய்த்து எடுத்துவிட, விலைக்கு இறக்கை முளைத்துவிடுகிறது! பெயரைச் சுற்றி விரல் நுனியால் தடவுங்கள். ஓர் இடம் மட்டும் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ, பளபளப்பு மாறியிருந்தாலோ ஜாடியைக் கீழே வைத்துவிடுங்கள். இன்னொன்று: அசல் காலே முத்திரை இருந்தாலே அவர் கைபட்டது என்றும் ஆகாது. அவர் 1904இல் காலமானார். அதற்குப் பிறகும் பல வருஷம் பட்டறை அதே பெயரில் ஓடியது. இறந்ததை ஒட்டிய சில வருஷங்கள் மட்டும் பெயரோடு ஒரு சின்ன நட்சத்திரம் சேர்த்தார்கள்.

லாலிக் என்ற இன்னொரு பெரிய பெயர் விஷயத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ரெனே லாலிக் 1945இல் காலமாகும்வரை 'ஆர். லாலிக்', பிறகு வெறும் 'லாலிக்'. பின்னால் வந்த ஜாடியில் அந்த 'ஆர்' ஒன்றைக் கீறிச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே எழுத்தை அப்புறம் படியுங்கள், அடிப்பாகத்தை முதலில் பாருங்கள். பூதக்கண்ணாடி போதும். பல வருஷம் மேசையில் இழுபட்ட ஜாடிக்கு, தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் கீறல் இருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, திசைக்கு ஒன்றாக ஓடும். உப்புத்தாளில் தேய்த்துக் 'கிழடு' ஆக்கிய ஜாடியில் கோடுகள் படிய வாரிய தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் போகும். தரையே தொடாத குழிக்குள்ளும் கீறல் கண்டால் போலிதான், சந்தேகமே வேண்டாம்.

சிலர் நோட்டுப் பார்க்கிற யூவி டார்ச்சை அடித்து, ஜாடி பச்சையாக மின்னுவதைக் காட்டி "யுரேனியம் கண்ணாடி, ராஜா காலத்தது" என்பார்கள். பொஹீமியாவில் ரீடல் குடும்பத்தார் 1830களில் செய்து, தங்கள் வீட்டு அன்னாவின் பெயரையே நிறத்துக்கு வைத்த சரக்குதான் இது. ஆனால் யுரேனியம் கலந்த கண்ணாடியை இன்றைக்கும் செய்கிறார்கள். டார்ச்சுக்குத் தெரிவது கலவை, வயது தெரியாது.

அடியில் ஆங்கிலத்தில் 'ஜெயின்' என்று அச்சில் வார்த்திருந்தால் மட்டும் "ஃபாரின் இல்லையே" என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஃபிரோசாபாத்தின் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் செய்த வானவில் மினுக்குக் கண்ணாடியை வெளிநாட்டில் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள்.

கடைசியாக, இப்போது நான் கடைகளில் கேட்கிற ஒரே கேள்வி. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கலைப்பொருளை விற்றுத் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவும் கூடாது. சிங்கப்பூர் மச்சானுக்குப் பரிசு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதனால், "நூறு வருஷத்துக்கு மேல்னு பில்லுல எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்கிறேன்.

போன மாதம் ஒரு கடைக்காரர் ஜாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு அறுபது வருஷம் இருக்கும் சார்" என்றார்.